நான் பார்த்த பிறை

ரமலான் 1, சனிக்கிழமை

இன்று எனக்கு முதல் நோன்பு. என் வீட்டுக்காரருக்கு இரண்டாவது. அடுப்பு என்னவோ ஒன்றுதான். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுந்து வடித்த சோற்றைத்தான் அவரும் சாப்பிட்டார்.

மூன்று வருடமாக இந்தக் கூத்து. இவர், அபூதாஹிர், சென்னையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நோன்பு மாதத்தில் மட்டும் ஊருக்கு வருவார். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், சூரியனும் நிலாவும் எந்த நேரத்தில் ஒரே நேர்கோட்டில் சேரும் என்று துல்லியமாகக் கணக்குப் போட முடிகிறது, அதை வைத்தே மாதத்தைத் தொடங்கலாம் என்று சொல்கிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருக்கிறார். என் கூடப்பிறந்த அண்ணன் முத்து மீரான் காக்கா ஊர்ப் பள்ளிவாசலின் பிறைக் கமிட்டித் தலைவர். அவருக்குக் கண்ணால் பார்த்தால்தான் பிறை. இருபத்தொன்பதாம் நாள் அந்தியில் பார்க்க முடியாவிட்டால் முப்பதைப் பூர்த்தி செய்ய வேண்டும்.

இரண்டு பேரும் மார்க்கக் கிதாபு படித்தவர்கள். இரண்டு பேருக்கும் ஆதாரம் இருக்கிறது. எனக்கு அதில் சண்டை இல்லை. உனக்கு எப்போது நோன்பு என்று இரண்டு பேரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில்தான் சண்டை.

நேற்று அந்தியில் காக்கா வந்து வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார். "பிறை தெரிஞ்சிருச்சு உம்மா. நாளைக்கு நோன்பு."

உள்ளே நோன்பு திறந்துகொண்டிருந்த இவர், பேரீச்சங்கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "நாங்க ஒண்ணு வச்சே முடிச்சிட்டோம்."

கூடத்துக் கட்டிலில் கிடந்த உம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆகஸ்டில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே அந்தக் கட்டில்தான். எங்கள் ஊர் வழக்கப்படி மகள்தான் தாய் வீட்டில் இருப்பாள், மகன் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவான். ஆகவே உம்மாவைப் பார்க்கிற வேலை என்னுடையது. வந்து சத்தம் போட்டுவிட்டுப் போகிற வேலை காக்காவுடையது.

ரமலான் 4

மழை. தைத்த துணிகளில் ஈர வாடை. பெருநாள் உடுப்புக்கு இருபது வீட்டு அளவுத் துணி வந்து கிடக்கிறது. இவர் பக்கத்து ஆட்கள் ஒரு நாள் முந்திக் கேட்கிறார்கள். ஊர் ஆட்கள் ஒரு நாள் பிந்திக் கேட்பதில்லை, அவர்களும் முந்தித்தான் கேட்கிறார்கள். நான் ஒரு மிஷினை வைத்துக்கொண்டு யாருடைய சந்திரனுக்குத் தைப்பது?

ரமலான் 13, வியாழக்கிழமை

மாடியில் துணி எடுக்கப் போனேன். கடலுக்கு மேலே முழு நிலா, பித்தளைத் தட்டு மாதிரி. கீழே இருந்து இவர் கூப்பிட்டார்.

"பார்த்தியா? எங்களுக்கு இன்னைக்குப் பதினாலு. ஒங்க காக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டு."

"துணி எடுக்க வந்தேன். நிலா பார்க்க வரலை."

"பார்த்தா என்ன கொறைஞ்சா போயிடுவே?"

நான் துணியைக் கொடியிலிருந்து உருவினேன். பதினைந்து நாளுக்கு முன்னால் கல்யாண நாள் வந்து போனது. அது எந்தக் கணக்கிலும் இவருக்குத் தெரியவில்லை.

ரமலான் 15

நேற்றைவிட இன்று நிலா தாமதம். ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்து முடிக்கிற நேரம் தாமதம். தினமும் அப்படித்தான் பின்னால் போகிறது. இன்று கார்த்திகை மீன்களுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. பகலெல்லாம் மழை, இன்று துணி எதுவும் காயப்போடவில்லை. ஆனாலும் மாடிக்குப் போனேன்.

ரமலான் 19, புதன்கிழமை

நோன்பு திறந்த பிறகு காக்கா உம்மாவைப் பார்க்க வந்தார். கையில் பள்ளிவாசல் கஞ்சி. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுப்படியில் இருந்தேன்.

"காலண்டரைப் பார்த்து நோன்பு வைக்கிற ஆளு நீங்க."

"நீங்க அஞ்சு வேளை தொழுகைக்கு என்னத்தைப் பார்க்கிறீக? வெயிலைப் பார்த்துக் குச்சி நட்டு நெழலையா அளக்கிறீக? பள்ளிச் சுவத்துல அட்டவணைதானே தொங்குது."

"அது வேற, இது வேற."

"அதே சூரியன்தான் மச்சான்."

"பிறையைப் பார்த்து நோன்பு வைங்கன்னு சொல்லியிருக்கு. கண்ணுல படாத பிறையை வச்சு நான் ஊருக்கு என்ன சொல்ல?"

இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள், கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். உம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் பெட்பேனை எடுத்துக்கொண்டு வந்தேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பி வழிவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒரே கொள்கை.

திரும்பி வந்தபோது காக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "இந்த ஆளு இந்த வீட்டுல இருக்கிற வரைக்கும் நான் படி ஏற மாட்டேன். உம்மாகிட்டே சொல்லிரு."

"நீங்களே சொல்லிட்டுப் போங்க."

சொல்லாமல் போனார்.

ரமலான் 22

உம்மா கேட்டார்: "மீரானுக்குக் காய்ச்சலா?"

ஆமாம் என்றேன். நோன்போடு பொய் சொல்ல வைத்தார்கள்.

ரமலான் 26

மைனி கஞ்சித் தூக்குடன் பின்வாசல் வழியாக வருகிறார். காக்காவின் மனைவி பாத்திமுத்து மைனி, இந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக வந்த மருமகள், இப்போது பூனை மாதிரி வருகிறார். உம்மாவுக்குத் தலை சீவிவிட்டார். "ஒங்க காக்கா ராத்திரியெல்லாம் தூங்கலை" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. தூங்காத மனுஷன் எழுந்து இரண்டு தெரு நடந்து வந்திருக்கலாம்.

விடிகிற நேரத்தில் கிழக்கே விடிவெள்ளி. பக்கத்தில் நிலா வாழைக்காய்ச் சீவல் அளவுக்கு இளைத்துவிட்டது. இனி இரண்டு மூன்று நாளில் சூரியனுக்குள் போய்விடும்.

ரமலான் 28, வெள்ளிக்கிழமை

இவருக்கு இன்றோடு மாதம் முடிந்தது. "நாளைக்குப் பெருநாள். பெருநாள் அன்னைக்கு நோன்பு வைக்கிறது ஹராம். நீ வைக்காதே" என்றார்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேற்கே மேகம் அங்கங்கே விலகித்தான் இருந்தது. சூரியன் விழுந்த இடத்தில் சுத்தமாக ஒன்றும் இல்லை.

"நாளைக்கு நான் நோன்பு" என்றேன்.

"காக்கா தங்கச்சிதானே" என்றார்.

நான் யார் தங்கச்சியும் இல்லை, யார் பெண்டாட்டியும் இல்லை, கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுங்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கத்தவில்லை.

ரமலான் 29, சனிக்கிழமை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் இவர் புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, அவர்கள் கூட்டத்தார் தொழுகிற மண்டபத்துக்குப் போனார். நான் நோன்போடு அவருக்கு இடியப்பமும் கறியும் வட்டிலப்பமும் செய்தேன். உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க முடியாமல் பெருநாள் கறி ஆக்கிய பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "உப்பு கொறைச்சல்" என்றார்.

மத்தியானம் முழுக்க மழை. மாலையில் மைனி பிள்ளைகளின் உடுப்பை வாங்கிப்போக வந்தார். பாங்கு சொன்னதும் இருவரும் தண்ணீர் குடித்து நோன்பு திறந்து, மஃக்ரிபு தொழுதோம். மாடியில் படுதா காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இழுத்துக் கட்டலாம் என்று போனேன். மைனியும் கூடவே வந்தார்.

மேற்கே ஒரே கருமேகம். சூரியன் போன இடத்துக்குச் சற்று இடது பக்கம், பனைமரங்களுக்கு மேலே, மேகம் ஓர் இடத்தில் மட்டும் தையல் விட்டுப் பிரிந்தது போலத் திறந்தது. உள்ளே வானம் வெளிர் பச்சையாக இருந்தது. அதில் இருந்தது. கழுத்து வெட்டுவதற்குத் துணியில் சாக்குக் கட்டியால் போடுகிற வளைவு மாதிரி, அத்தனை மெல்லிசாக, அடிப்பக்கம் சூரியன் விழுந்த திசைக்குச் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்த மாதிரி.

மைனிதான் என் கையைப் பிடித்தார்.

"ஜுலைஹா. அது பிறைதானே?"

"நீங்களே சொல்லுங்க."

"பிறைதான். யா அல்லாஹ், பிறைதான்."

இருவரும் துஆ ஓதினோம். ஓதி முடிக்கையில் மேகம் மூடிவிட்டது.

ஓடினோம். காக்கா வீட்டு முன்னறையில் காக்காவும் கமிட்டி உறுப்பினர் நெய்னா முகம்மது மாமாவும் இருந்தார்கள். கடற்கரை வெட்டவெளியில் நின்று மேற்கே பார்த்துவிட்டு நனைந்து வந்திருந்தார்கள். எந்த ஊரிலிருந்தும் பார்த்ததாகப் போன் வரவில்லை, எங்கும் மேகம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

நெய்னா முகம்மது மாமா கேட்டார்: "கூட ஆம்பளை யாரும் இருந்தாகளா?"

"மைனி இருந்தாக."

காக்கா என்னைக் கேட்டார்: "ஒம் மாப்பிள்ளை சொல்லச் சொன்னாரா?"

அதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. நாற்பத்தொரு வயதுப் பெண். வாப்பா மௌத்தான அன்று இந்தக் காக்காவைக் கட்டிக்கொண்டு அழுதவள். நான் வானத்தைப் பார்த்தேன் என்று சொன்னால், என் கண்ணுக்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்கிறார்.

"நான் பார்த்தேன் காக்கா. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவர் எழுந்து மைனியை உள்ளறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். மைனி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேகத்துல வெளிச்சம் மாதிரி என்னமோ... எனக்குச் சரியாத் தெரியலை."

நான் அவரையே பார்த்தேன். என் மணிக்கட்டில் அவர் நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது.

நான் வீட்டுக்கு வருவதற்குள் மைக்கில் அறிவிப்பு வந்துவிட்டது. பிறை தென்படவில்லை, நாளை நோன்பு முப்பது.

இவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேனோ. கையைத் தட்டிச் சிரித்தார். "நீயே சாட்சி. நம்ம ஆளுக ரெண்டு பேர் வராக, அவுககிட்டே இதை அப்படியே சொல்லு."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் பார்த்தது உங்களுக்காகப் பார்க்கலை."

ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு ரமலான் 30. எனக்குப் பெருநாள்.

பெருநாள் அன்று நோன்பு வைக்கக்கூடாது என்று காக்கா, இவர் இருவருமே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வைக்கவில்லை.

காலையில் குளித்தேன். எனக்கென்று புதிதாக எதுவும் தைத்துக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்த பச்சைச் சேலையை உடுத்தினேன். இவர் தன் பெருநாளைக் கொண்டாடிய களைப்பில் தூங்கினார். முட்டை பொரித்து, நேற்றைய இடியப்பத்தைச் சூடாக்கி, கட்டிலருகில் உட்கார்ந்தேன். தெருவே நோன்போடு இருக்கையில் நான் மட்டும் திருடி போல மென்றேன்.

உம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ திங்கிறே? இன்னைக்கு என்ன?"

"எனக்குப் பெருநாள்மா. நேத்து பிறையைப் பார்த்தேன். யாரும் நம்பலை."

உம்மா என் பச்சைச் சேலையைத் தொட்டுப் பார்த்து, "என் வெள்ளைச் சேலையை எடு" என்றார்.

"எதுக்கு?"

"பெருநாளைக்குப் பழசையா உடுத்துவாக?"

துடைத்து, உடுத்தி, அத்தர் தடவினேன். இரண்டு பேரும் இடியப்பம் சாப்பிட்டோம். அப்போதுதான் அழுதேன். கோபத்தில்தான்.

மாலை அசர் தொழுகைக்குப் பிறகு காக்கா வந்தார். படியேற மாட்டேன் என்றவர் நேரே கூடத்துக்கு வந்துவிட்டார். எங்கள் அடுப்பில் பகலில் புகை வந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நோன்பை விட்டுட்டியா?"

"பிறையைக் கண்ணால பார்த்தவ வைக்கலாமா? நீங்கதான் கண்ணால பார்க்கணும்னு சொல்றவுக. நீங்களே சொல்லுங்க."

அவர் உம்மாவின் சேலையைப் பார்த்தார். "உம்மாவையும் இழுத்து விட்டுட்டியா?"

"என்னை யாரும் இழுக்கலை" என்றார் உம்மா. "என்னை இழுத்துப் போட ஆளிருந்தா நான் ஏன் இந்தக் கட்டில்ல கிடக்கேன். மீரான், நாப்பது வயசுலயும் கண்ணாடி போடாம ஊசியில நூல் கோக்கிறா இவ. நீ என்னைப் பார்க்க இந்தப் பக்கம் வந்து பத்து நாளாச்சு. நீ பார்க்கிறவனா, இவ பார்க்கிறவளா?"

காக்கா வெளியே போனார்.

அந்தியில் மேகம் கலைந்தது. ஒரு பொட்டு மேகமில்லை. பிள்ளைகள் தெருவில் கத்தினார்கள். நான் மாடிக்குப் போகவில்லை, வாசலிலிருந்தே தெரிந்தது. நேற்று நான் பார்த்த இடத்திலிருந்து எவ்வளவோ மேலே, தடித்து, பளிச்சென்று நின்றது. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு நெருங்குகிற வரைக்கும் இறங்கவில்லை. முதல் நாள் பிறை அப்படி நிற்காது. எதிர்வீட்டுப் பெண் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரெண்டாம் பிறை மாதிரியில்ல இருக்கு" என்றாள். அவள் உம்மா அவளை உள்ளே வரச் சொன்னார்.

பள்ளிவாசல் படியில் காக்கா நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை. ஊருக்குப் பெருநாள்.

காலையில் மைனி வந்தார். முன்வாசல் வழியாகவே வந்தார். அடுப்படியில் என் எதிரில் உட்கார்ந்தார்.

"நான் அன்னைக்கு உள்ளறையில ஒங்க காக்காகிட்டே உண்மையைத்தான் சொன்னேன் ஜுலைஹா. பிறையைப் பார்த்தேன்னு சொன்னேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன்.

"அதுக்கு அவுக, 'அந்த வீட்டு மாடியிலேர்ந்து பிறை வந்துச்சுன்னா ஊரு என்ன சொல்லும், மச்சானுக்குத் தலைவர் வளைஞ்சு கொடுத்துட்டாருன்னு சொல்லும், வெளிய வந்து தெரியலைன்னு சொல்லு'ன்னாக. சொன்னேன். ரெண்டு நாளா சோறு இறங்கலை."

"அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சேவா ஊர் முழுக்க நோன்பு வைக்கச் சொன்னார்?"

மைனி அழுதார். அவர் மேலும் கோபம்தான். ஆனால் அவர் வந்து சொன்னார்.

பெருநாள் தொழுகை முடிந்து காக்காவும் நெய்னா முகம்மது மாமாவும் உம்மாவுக்கு சலாம் சொல்ல வந்தார்கள். ஊர்ப் பெருநாள் என்பதால் உம்மா இருவரையும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். இவரையும் உட்காரச் சொன்னார். விரிப்பில் மூன்று பேர், நடுவில் மூவருக்கும் சேர்த்து ஒரே பெரிய சஹன் தட்டு, நெய்ச்சோறும் கறியும். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன். காக்கா பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார். நான் குனிந்து சஹனைத் தூக்கிக்கொண்டேன்.

மூன்று கைகளும் அந்தரத்தில் நின்றன.

"காக்கா, மைனி உங்ககிட்டே என்ன சொன்னாக?"

"இப்ப எதுக்கு அது."

"சொல்லிட்டுச் சாப்பிடுங்க."

"உள்ளே வா, பேசுவோம்."

"உள்ளறையில பேசினது போதும்."

சஹன் கனத்தது. கை வலித்தது. இறக்கவில்லை. காக்கா உம்மாவைப் பார்த்தார். உம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் திரைக்குப் பின்னால் மைனியின் வளையல் சத்தம் கேட்டது.

"ஜுலைஹா பார்த்தது பிறைதான்" என்றார் காக்கா. "எம் பொண்டாட்டியும் பார்த்தா. அன்னைக்கே எங்கிட்டே சொன்னா. நான்தான் மறைச்சேன்."

நெய்னா முகம்மது மாமா நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். "மீரான், ஊருப் பெருநாளை இல்லே நீ..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

இவர் சிரிக்கத் தொடங்கினார்.

"நீங்க சிரிக்க வேண்டாம்" என்றேன். "ஒரு ரமலான் முழுக்க இந்த வீட்டுல உங்களுக்குக் கணக்கு சரியா வந்துச்சு. உம்மாவுக்கு என்ன மாத்திரை, எத்தனை வேளைன்னு கேட்டா உங்களுக்குச் சொல்லத் தெரியுமா? உங்க பெருநாளைக்கு நோன்போட நான் கறி ஆக்கினேன். உப்பு கொறைச்சல்னீக."

சிரிப்பு நின்றது.

உம்மா சொன்னார்: "சஹனை வை புள்ள. சோறு ஆறுது."

வைத்தேன். சாப்பிட்டார்கள். நான் அடுப்படியில் நின்று பாத்திரத்தைத் தேய்த்தேன். அடி ஈயம் போகிற அளவுக்குத் தேய்த்தேன்.

செவ்வாய்க்கிழமை

இவர் இன்று சென்னைக்குக் கிளம்பினார். சட்டையில் பொத்தான் விட்டிருந்தது. தைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது உம்மாவின் மாத்திரைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக என்னவென்று கேட்டார். சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன்.

காக்கா காலையில் வந்து உம்மாவைத் தூக்கி உட்காரவைக்க உதவினார். பள்ளியில் ஜமாஅத்துக்கு முன்னால் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் பொறு. சமயம் பார்த்துச் சொல்றேன்" என்றார். கூடத்தில் சொன்னது கூடத்துக்கு மட்டும்தான் போலிருக்கிறது. அவர் சமயம் பார்க்கட்டும்.

ஆனால் நெய்னா முகம்மது மாமா தன் வீட்டில் சொல்லிவிட்டார். அசருக்குள் ஆறு பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்திக்கு இடுப்பு பிடிக்கிறதாம், ஒருத்திக்குக் கை நீளமாம். ஒருவரும் துணியைப் பிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்தான் கேட்டாள்.

"நெசமாவே பார்த்தீகளா ராத்தா?"

"பார்த்தேன்."

"அப்ப பெருநாள் அன்னைக்கா நாங்க பட்டினி கிடந்தோம்?"

"தெரியாம வச்சதுக்கு உங்க மேல குத்தமில்லை."

"எம் மாப்பிள்ளைகிட்டே கேட்டேன். பேசாம இருன்னாக" என்றாள் இன்னொருத்தி. மற்றவர்கள் வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று முகத்தில் தெரிந்தது.

எனக்குக் கூடமாட உதவ வந்திருந்த மைனி ஊசிப்பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார்: "அடுத்த மாசம் இருபத்தொன்பதாம் நாள் அந்திக்கு எல்லாரும் இங்கே வந்துருங்க. ஒருத்தி பார்த்தாத்தானே தெரியலைன்னு சொல்லச் சொல்லுவாக."

வருகிறோம் என்றார்கள். நெய்னா முகம்மது மாமாவின் மனைவி, மூட்டு வலிக்காரர், தானும் வருவதாகச் சொன்னார்.

எங்கள் மாடிப்படி குறுகல், கைப்பிடியும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். ஏறுவோம்.